எர்த்து

ஊதியூர் இறக்கத்தில் ஜீப்பு நின்றது.
டிரெய்லர் நிற்கவில்லை.
எட்டு அண்டா, நாலு வடைச்சட்டி, முந்நூறு தட்டு,
ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பிய கனம்
முதுகில் கைவைத்துத் தள்ளியது என்னை,
ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பட்டிக்குள்.
ஒரு மேச்சேரிக் குட்டி.
ஒன்பதாயிரம் கேட்டார், எட்டுக்கு முடிந்தது.
நெளிந்த அண்டாவைத் தட்டி நிமிர்த்தினேன்.
முழங்கால் மட்டும் தை பிறக்கும்வரை நடுங்கியது.

டிரெய்லர் என் கையால் ஆனது.
காங்கயத்துப் பட்டறையில் சேனலை அறுத்துத் தந்தார்கள்;
மற்றதெல்லாம் என் வாசல், என் வெல்டிங் ராடு,
கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் ரெண்டு ராத்திரி.
பிரேக்கை யோசிக்கவே இல்லை.
இழுத்தால் வரப்போகிற வண்டிதானே என்றிருந்தேன்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
எந்தப் படக்கம்பெனியோ கழித்துவிட்ட கேரவனின் அச்சு கிடந்தது.
டிரம்முக்குள் காந்தம்.
கரண்டு வந்தால் டிரம்மைக் கவ்வும்,
கவ்வியபடியே இழுபட்டுக் கட்டையை விரிக்கும்.
கடைக்காரருக்கு அது இரும்பு. கிலோக் கணக்கில் போட்டார்.

ஒயரிங்குக்கு ஆள் தேடினேன்.
மோட்டார் கட்டுகிறவர் சிரித்தார்.
ஆட்டோ எலக்ட்ரீசியன், வேணும்னா ஆரன் மாட்டித் தர்றேனுங் என்றார்.
மிச்சம் இருந்தது கலாமணி, என் நங்கை.
மில்லில் பதினோரு வருசம் ஒயர்மேன்,
அடையாள அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கும்.
தன் தம்பியின் காரியம் முடிந்த மறுவாரம் நீட்டிய
கிணற்றுப் பங்குப் பத்திரத்தில்
நான் கையெழுத்துப் போடாததிலிருந்து
என் வீட்டில் பச்சைத் தண்ணி குடித்ததில்லை.

வந்தாள். சொம்பை நீட்டினேன்.
கீழே வை என்றாள்.
டெஸ்டரைக் கொண்டையில் செருகிக்கொண்டு
சாக்கை விரித்து அடியில் மல்லாந்தாள்.

அப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் நிறம்.
நீலம்.
நீலம்.
வெள்ளை.
அந்த வெள்ளை இல்ல.
"ஒன்றரை ஆகாது, ரெண்டரை போடு.
தூரம் போகப் போகக் கரண்டு இளைச்சுரும்."

பொழுது போய், பக்கத்துக் களத்தில்
கொப்பரைக்குத் தார்ப்பாய் மூடிவிட்டார்கள்.
பெடலை மிதித்தேன். இடது சக்கரம் மூணு ஆம்பியர்.
வலது, ஒன்றுமில்லை.
காந்தத்தைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தாள்,
டொக்கென்று ஸ்பேனரைப் பிடித்தது.
மறுபடி மாட்டினாள். ஒன்றுமில்லை.
பதினோரு மணிக்கு எர்த்துப் போல்ட்டை அவிழ்த்து
டார்ச்சைக் கிட்டே பிடிக்கச் சொன்னாள்.

மயில்நீலம். மூணு கோட்டு.
ஓட்டைக்குள்ளேயும் பிரஷ்ஷை விட்டு அடித்திருந்தேன்.

"அழகு பாத்து அடிச்சிருக்கறே" என்றாள்.
"போற கரண்டு திரும்பி வரோணுமல்லோ."
பிளேடால் சுரண்டினாள்.
நாலணா அகலத்துக்கு இரும்பு பளிச்சென்றது.
"போற வழிய எல்லாரும் பாத்துப் பாத்து இழுப்பாங்க.
வர்ற வழிக்குத்தான் நாதியில்ல."
ஒயரைத்தான் சொன்னாள்.
முள் ஆறுக்கு ஏறி நின்றது.

கடைசியில் அந்தக் குட்டி ஊசி.
கொக்கி விட்டுப்போனால் கம்பி இழுத்து ஊசி கழன்றுவிடும்,
டிரெய்லர் தன் பேட்டரியில் தானே பூட்டிக்கொள்ளும்.
பிடுங்கினாள்.
ரெண்டு பேரும் தோள்கொடுத்துத் தள்ளினோம்,
அவள் செருப்பு வழுக்க, என் வளையல் நெளிய.
ஓர் அங்குலம் நகரவில்லை.
இன்னொருக்கா என்றாள்.

ஒயர் அட்டைப்பெட்டியில் கணக்கு எழுதினாள்:
ஒயர் பதினாறு மீட்டர், லக் பன்னிரண்டு, கூலி தொள்ளாயிரம்.
சாமானுக்குத் தனியாக எண்ணிக்கொண்டு
கூலிக்கு நீட்டிய ஆயிரத்துக்கு நூறு தேடித் தந்தாள்.
விடிந்து பார்த்தால் சக்கரத்தோரம் சொம்பில்
பாதித் தண்ணிதான் இருந்தது.
பூனை ஒன்றும் இருக்கிறது எங்கள் வீட்டில்.

வெள்ளிக்கிழமை, கிடாவிருந்துக்குப் பாத்திரம்.
அதே இறக்கம். அதே பட்டி.
மிதித்தேன்.
ஜீப்பு நின்றது, அதன் பின்னாலேயே அதுவும்,
ஒரு கரண்டி மட்டும் அண்டாவுக்குள் புரண்டது.
ஆட்டுக்காரர் கோலைக் குறுக்கே பிடித்து
நீ போ என்று கைகாட்டினார்.
நான் காட்டினேன்,
நீங்க போங்.